நாற்பதுக்கு மேல் அறை இல்லை

“எங்கம்மாவப் பாத்து, ‘ஆஸ்பத்திரிக்குப் போ’ன்னு உங்க நெறியாளர ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க” என்றேன்.

வரவேற்பு மேசையில் இருந்த டயானா பேனாவை மூடினாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

எழுபருவ மகளிர் மூலிகை நல மன்றத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். குடிக்கத் தண்ணீர் கேட்கலாம். மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொல்லலாம். பிள்ளை ஏன் தங்கவில்லை என்று கேட்டு அழலாம், அழுவதற்குத் தனி மூலையே உண்டு. இதை மட்டும் கேட்கக் கூடாது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அம்மா சொல்லிவிட்டாள். போன தடவை வந்தபோது டயானா சொன்னாள். அப்படியும் புரியாத ஜென்மங்களுக்காகச் சுவரில் எழுதி மாட்டியிருந்தார்கள்: ‘இங்கே பிற மருத்துவம் பற்றிப் பேசுவது மூலிகைகளின் மனத்தைப் புண்படுத்தும்.’

“அக்கா, மெதுவாப் பேசுங்க” என்றாள் டயானா. “நெறியாளர் மேடம் காதுல விழுந்துச்சுன்னா அம்மா டோக்கன கடைசில தள்ளிருவாவ. வாசல்ல நிக்க ஆட்டோ உங்களுதா? வழிய மறிக்குன்னு வாட்ச்மேன் கத்துதாரு.”

“நிக்கட்டும்.”

அம்மா சுவரோரம் நாற்காலியில் இருந்தாள். அரக்குச் சேலை. இப்போதெல்லாம் அரக்கு அல்லது கருநீலம், வேறு நிறம் கட்டுவதில்லை. அடியில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நாற்பத்தேழு வயதில் மாதத் தூரம் தள்ளிப்போகும், அப்புறம் நின்றுபோகும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அது நிற்கவில்லை. நடுவில் ஒரு நாலு நாள் தவிர, வாரக்கணக்காக நிற்கவேயில்லை. நகக்கண் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. சோறு இறங்கவில்லை, ஆனால் பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லுகிறாள். நேற்று மாடிப்படியில் பாதியில் கண்ணைக் கட்டி, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கம்மா சுடலைமாடத்தியைத் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். ஏரலில் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்த காலத்தில் அரிசி மூட்டையைத் தனியாளாகப் புரட்டியவள். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். முதலில் அவளாகத்தான் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆண்கள் நடக்கிற தாழ்வாரத்தில் நிற்க வைத்து, “நாளைக்கு எத்தன துணி மாத்துத? சத்தமாச் சொல்லு, காது கேக்கல” என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். அம்மா பதில் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டாள். அடுத்த வாரம் மன்றத்துக்கு வந்தாள். இங்கே “வாங்க தாயே, உட்காருங்க” என்றார்கள். நாற்காலி போட்டார்கள். சுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அவ்வளவுதான், முடிந்தது கதை. எங்களை உட்காரச் சொல்லுகிற இடம் எதுவாக இருந்தாலும் நாங்கள் அதற்கு எழுதிக் கொடுத்துவிடுவோம். “நெறியாளரே போகச் சொன்னாப் போறேன். அவிய சொல்லாம அந்தப் பக்கம் காலு வைக்க மாட்டேன்” என்றாள். அதற்கு மேல் அவளிடம் பேச்சில்லை.

மூலிகை என்றால் எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். நான் பெரிய மனுஷியானபோது கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய உளுந்தங்களியைத் தின்றுதான் எழுந்து நடந்தேன். அம்மா கிண்டினாள். கிண்டியதற்காகப் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று போட்டுக்கொள்ளவில்லை. வயிற்று வலிக்கு வெந்தயம் கொடுத்தாள். வலி நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வெந்தயம் அதற்காக மனம் புண்பட்டதாக நினைவில்லை.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏற்றுமதி ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு கண்டெய்னர் முருங்கையிலைப் பொடி கப்பல் ஏற வேண்டுமானால், உள்ளே இருப்பது என்ன என்று எழுதிக் கொடுக்காமல் கேட்டைத் தாண்டாது. எங்கம்மா வயிற்றுக்குள் போகிற மன்றத்துப் பொடிக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ‘சேர்மானம்’ என்று போட்டு, எதிரே ‘மரபு’ என்று போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில் ‘முத்துப் பற்பம் சேர்ந்தது.’ இந்தக் கடலில் முத்துக் குளிப்பு நின்று எத்தனையோ வருஷமாயிற்று. இவர்கள் டப்பாவில் மட்டும் பன்னிரண்டு மாசமும் விளைகிறது.

ஆதிலக்ஷ்மி அம்மையார் உள்ளேயிருந்து வந்தார். பதவி, பருவ நெறியாளர். அவர் வரும்போது வரிசை எழுந்து நிற்கும். அம்மாவும் எழுந்திருக்கப் பார்த்தாள். தோளைப் பிடித்து அமுக்கினேன்.

“யாரு அந்த வார்த்தையச் சொன்னது?”

“நான்தான் மேடம். பேரு அனுசியா.”

“என்ன படிச்சிருக்கீங்க?”

“பி.எஸ்ஸி. விலங்கியல்.”

“வீட்டுல முதல் பட்டதாரியா?”

“ஆமா.”

“அதான்” என்று வரிசையைப் பார்த்துச் சிரித்தார். “தப்பு உங்க மேல இல்லம்மா. படிப்பு உடம்புல ஒட்ட ரெண்டு மூணு தலைமுறை ஆகும். அதுவரைக்கும் கேள்வியாத்தான் வரும். ஒட்டிடுச்சுன்னா அடங்கிடும். என்னைப் பாருங்க, எங்க குடும்பத்துல நாலு தலைமுறையாப் படிக்கிறோம். நான் யாரையும் எதையும் கேட்டதே இல்ல.”

“மேடம், அம்மாவுக்கு நிக்காமப் போவுது.”

“போகட்டுமே! போறது கழிவு. மூலிகை வேலை செய்யுது.”

“நடுவுல நாலு நாளு நின்னுச்சே?”

“அப்பவும் வேலை செஞ்சுது. நிறுத்திச்சு.”

“இப்பம் முன்னைக்கும் கூடுதலாயிட்டே?”

“கூடுதலா வேலை செய்யுது.”

இவ்வளவு உழைக்கிற ஒன்றை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு ஆள் இருந்தால் மானேஜர் நிம்மதியாகத் தூங்குவார்.

“ஏளா, சும்மா கெட” என்றாள் அம்மா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “பெரியவிய சொல்லும்போது எதுத்துப் பேசாத. கோவிச்சுக்காதீய மேடம், இவ இப்பிடித்தான். அவ அப்பாவையே கேள்வி கேப்பா.”

“பரவாயில்ல தாயே. பேரிளம்பெண் அறைக்கு வாங்க.”

மன்றத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஏழு அறைகள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். அறைக்கு ஒரு நிறம், ஒரு மணி, ஒரு பொடி. பத்தாம் வகுப்பில் நாமெல்லாம் மனப்பாடம் செய்து ஒரு மதிப்பெண் வாங்கிய அதே ஏழுதான். ராஜா யானை மேல் தெருவில் வரும்போது, மாடத்தில் நின்று பார்த்து ஏங்குகிற பெண்களை வரிசைப்படுத்தப் புலவர்கள் போட்ட கணக்கு அது. யாருக்கு வளையல் கழலும், யாருக்கு வெட்கம் வரும் என்பதற்கான கணக்கு. அதை வைத்து இங்கே சுரப்பிகளைச் சரிசெய்தார்கள். பேதைக்கு வயது ஐந்து. பேரிளம்பெண்ணுக்கு நாற்பது. அதற்கு மேல் ராஜாவுக்குப் பார்க்க விருப்பமில்லை போலிருக்கிறது, கணக்கு அங்கேயே நின்றுவிட்டது.

ஏழாவது அறையில் எல்லாமே ஊதா. அம்மாவை ஊதா நாற்காலியில் உட்கார வைத்தேன். துண்டை எடுத்துப் போடுவதற்குள் உட்கார்ந்துவிட்டாள். டயானா கம்ப்யூட்டரில் ஆதார் எண்ணை அடித்தாள். அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

“மேடம், எடுக்க மாட்டேங்குது. புது சிஸ்டம்லா? வயசு அதுவா வந்து விழுது. நாப்பத்தேழுன்னு காட்டுது. அறை கேட்டா சுத்திக்கிட்டே நிக்கி.”

“இவ்வளவு நாள் எப்படி எடுத்துச்சு?”

“கையால போட்டோம் மேடம். எல்லாரையும் நாப்பதுலயே நிறுத்தி வச்சிருந்தோம்.”

ஆதிலக்ஷ்மி அம்மையார் அம்மாவைப் பார்த்த பார்வையில், ஏமாற்றி உள்ளே நுழைந்தவளைப் பார்க்கிற பார்வை இருந்தது. “நாற்பத்தேழா? தாயே, இந்த அறையில உங்களுக்கு உட்கார உரிமை இல்ல. எந்திரிங்க.”

அம்மா எழுந்தாள். உட்காரச் சொன்னபோது எப்படி உட்கார்ந்தாளோ, அதே பணிவோடு எழுந்தாள். நாற்காலியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

“துணி! துணி கொண்டாங்க, சீக்கிரம்!” என்று நெறியாளர் கத்தினார். ஒரு கணம் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. பணிப்பெண் ஓடிவந்து துணியால் நாற்காலியைத் துடைத்தாள். கோமியம் தெளித்தாள். அம்மா சேலையின் பின்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் என் துப்பட்டாவை எடுத்து அவள் இடுப்பில் கட்டினேன்.

“மேடம், நீங்க எந்தப் பருவம்?” என்று கேட்டேன்.

“என்ன?”

“உங்களுக்கு அம்பதுக்கு மேல இருக்கும்லா? நீங்க எந்த அறை?”

டயானா சட்டென்று கீழே குனிந்து, விழாத எதையோ தேடினாள். ஆதிலக்ஷ்மி அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

“நான் நிர்வாகம்” என்றார். “நிர்வாகத்துக்குப் பருவம் கிடையாது.”

விஷயம் பருவ நிர்ணயத்துக்குப் போயிற்று. அதாவது இயக்குநர் முனைவர் சுதர்சனத்தின் அறைக்கு. பதிவு போட டயானாவும் கூட வந்தாள். சுவர் முழுக்க ஓவியம். யானை மேல் ராஜா, ஏழு மாடங்களில் ஏழு பெண்கள். எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே இடுப்பு. பேதைக்குக்கூட. இயக்குநர் அம்மாவைப் பார்க்கவில்லை. ஓவியத்தைப் பார்த்துத்தான் பேசினார். பிற்பாடு புரிந்தது, அவருக்குப் பெண்கள் அங்கேதான் இருந்தார்கள்.

“பெண்ணுடம்பை ஆராய்ந்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர். அவர்கள் என்ன செய்தார்கள்? உடம்பைப் பார்த்தார்கள். அதுதான் அவர்கள் செய்த பிழை. நான் பாடலைப் பார்த்தேன்.”

“சார், அம்மாவால நிக்க முடியல. ஒரு நாற்காலி...”

“எந்தப் பருவத்து நாற்காலி என்பதைத்தானே இப்போது தீர்மானிக்கப் போகிறோம்? பொறுங்கள். நாற்பதுக்குப் பிறகு பெண்ணுக்கு என்ன ஆகிறது என்று நம் முன்னோர் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் என்ன பொருள்? ஒன்றும் ஆகவில்லை என்று பொருள். இலக்கியத்தில் இல்லாத ஒன்று உடம்பில் எப்படி இருக்கும்?”

“இருக்கு சார். இந்தா என் துப்பட்டாவுல இருக்கு.”

“அது நிகழ்வு. நான் பேசுவது இலக்கணம்.”

அம்மாவின் எடை முழுதும் என் தோளுக்கு வந்தது. காதோரம் அவள் மூச்சு, படியேறி வந்தவள் மாதிரி இரைந்தது. “மயக்கமா வருதாம்மா?” என்றேன். “இல்லளா. ஐயா பேசி முடிக்கட்டும்” என்றாள். என் கைக்குள் அவள் விரல்கள் ஐஸ்.

இயக்குநர் மேசையைச் சுற்றி நடந்தார். ஆதிலக்ஷ்மி அம்மையார் எட்டாவதாக ஒரு பருவத்தை உண்டாக்கலாம் என்று யோசனை சொன்னார். ‘எட்டு சனி’ என்று இயக்குநர் மறுத்தார். நாற்பதுக்கு மேற்பட்டவர்களைப் பெண் என்ற வகையிலிருந்தே மரியாதையாக விடுவித்துவிடலாம் என்று நெறியாளர் மறு யோசனை சொன்னார். பாதி வாடிக்கையாளர்கள் போய்விடுவார்களே என்று இயக்குநர் கவலைப்பட்டார். அந்த ஒரு இடத்தில் மட்டும் இரண்டு பேரும் சிறிது நேரம் இலக்கியம் இல்லாமல் பேசினார்கள்.

பிறகு இயக்குநருக்கு அது வந்தது. ஒரு விரலை உயர்த்தினார்.

“சக்கரம்! ஏழு முடிந்தால் மறுபடி ஒன்று. நாற்பது தாண்டியவள் மீண்டும் பேதையாகிறாள். டயானா, போடு. இந்தத் தாய் இன்று முதல் பேதைப் பருவம். வயது ஐந்து.”

“ஆகா” என்றார் ஆதிலக்ஷ்மி அம்மையார்.

டயானா அடித்தாள். நின்றாள். திரையைப் பார்த்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், “சார், பேதைன்னா பாதுகாவலர் பேரு கட்டாயம் போடச் சொல்லுதே. யார் பேரப் போட?” என்றாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அரை வினாடிதான். அவளுக்கு அந்த வேலை வேண்டும். அதற்கு மேல் பார்க்க முடியாது.

“மகள் பெயரைப் போடு.”

வெயிலில் போய்க்கொண்டிருந்தவள் மேல் திடீரென்று கடல் காற்று அடித்த மாதிரி இருந்தது எனக்கு. குரலை எவ்வளவு பணிவாக்க முடியுமோ அவ்வளவு பணிவாக்கினேன். அப்படி ஒரு குரல் எனக்கு உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

“சார், பாதுகாவலர்னா எனக்கு என்ன அதிகாரம் சார்? எனக்கு வெவரம் பத்தாது.”

இந்த மாதிரிக் கேள்விக்காகத்தான் அவர் பிறந்திருந்தார். “முழு அதிகாரம்! ஐந்து வயதுக் குழந்தை தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்குமா? எங்கே போவது, என்ன உண்பது, யாரிடம் காட்டுவது, அனைத்தும் பாதுகாவலர் வாக்கு. குழந்தை மறுத்தல் கூடாது. மன்றமே நினைத்தாலும் குறுக்கே நிற்க முடியாது. அவ்வளவு உறுதியான விதி. நானே எழுதினேன்.”

“இத அம்மாகிட்ட நீங்களே உங்க வாயால சொல்லிருங்க சார். நான் சொன்னா கேக்க மாட்டா. எல்லாருக்கும் தெரியுற மாதிரி சொன்னீங்கன்னா மத்தவியளுக்கும் பாடமா இருக்கும்.”

அவர் முகம் மலர்ந்தது. எல்லோரையும் கூப்பிடச் சொன்னார்.

பேதை அறை இளஞ்சிவப்பு. தரையில் மணல் வீடு, மரப்பாச்சி, தேன் கிண்ணம். அம்மாவை முழங்கால் உயரப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்தன. ஆதிலக்ஷ்மி அம்மையார் அவள் மடியில் மரப்பாச்சியை வைத்தார். நெற்றி வியர்வை வடிந்து மரப்பாச்சியின் தலையில் சொட்டியது. கதவு நிறையப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

இயக்குநர் அவள் தலையில் கை வைத்தார். “குழந்தாய், உன் பருவம் மாறிவிட்டது. இனி நான் சொல்வதல்ல, நெறியாளர் சொல்வதல்ல, உன் பாதுகாவலர் சொல்வதே உனக்குச் சட்டம். அவள் போ என்றால் போக வேண்டும். வா என்றால் வர வேண்டும்.”

“சார், ஒரு நிமிஷம்...” என்றார் ஆதிலக்ஷ்மி அம்மையார். நாலு தலைமுறைப் படிப்பில் முதன்முதலாக அவருக்கு ஒரு கேள்வி வந்திருந்தது.

“நெறியாளர் குறுக்கிடக் கூடாது.”

நான் குனிந்து அம்மாவின் கையைப் பிடித்தேன். “எழும்பும்மா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

அம்மா அண்ணாந்து இயக்குநரைப் பார்த்தாள். “ஐயா, போட்டுமா?”

இயக்குநர் வாயைத் திறந்தார். கதவில் நின்ற பெண்களைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது. சுவரில் ஓவியம் இல்லாத அறை அது, அவருக்கு யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியவில்லை.

“அதான் அவியளே சொல்லியாச்சுலா” என்றது கதவிலிருந்து ஒரு குரல். “பெறவு என்ன கேள்வி? போங்கக்கா.”

அம்மா மரப்பாச்சியைத் தரையில் வைத்தாள். ஆனால் எழவில்லை. என் கையைக் கீழே இழுத்தாள். காதைக் கொண்டுபோனேன்.

“ஏளா, அங்கன உக்காரச் சொல்ல மாட்டாவ. நிக்க வச்சே கேப்பாவ.”

“கேக்கட்டும்.”

“சத்தமாக் கேப்பாவ.”

“நானும் சத்தமாக் கேப்பேன்.”

“நீ கேப்ப” என்றாள். சாம்பல் உதட்டில் ஓரமாக ஒரு சிரிப்பு வந்து போயிற்று. “ஒன்னையப் படிக்க வச்சதே தப்பு.” என் தோளைப் பிடித்து எழுந்தாள்.

இடது கையால் அவள் இடுப்பை வளைத்துக்கொண்டேன். வலது கையால் அந்த இளஞ்சிவப்பு நாற்காலியைத் தூக்கினேன்.

“அத வைங்க! அது மன்றத்தோட சொத்து!” என்று ஆதிலக்ஷ்மி அம்மையார் பின்னாலேயே வந்தார்.

“பேதை நாற்காலி மேடம். எங்கம்மா பேதை. பாதுகாவலர் எடுத்துட்டுப் போறேன்.”

வரிசை விலகி வழி விட்டது. வரவேற்பு மேசையில் டயானா தலையைத் தூக்காமல் கண்ணாடிக் கதவைக் காலால் தள்ளித் திறந்து வைத்தாள். வெளியே துறைமுகத்துப் பக்கமிருந்து உப்புக் காற்று. வாட்ச்மேன் இன்னும் ஆட்டோவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார், ஆட்டோக்கார இனிகோ அண்ணாச்சி காதில் வாங்காமல் இருந்தார். ஆட்டோவைக் காலையிலேயே, நான் சொன்னபடி, ஆஸ்பத்திரிப் பக்கம் பார்க்கத் திருப்பித்தான் நிறுத்தியிருந்தார்.